கள்ளிமுளையான் நோன்பு

கல்யாண வயதில் நான் நல்ல குண்டு. செஞ்சியில் எங்கள் மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "வியாபாரம் நல்லாதான் நடக்குது போல" என்று நைனாவைச் சீண்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுபதுகளில் ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற சமயம் அது. பெண் பார்க்க வந்தவர்கள் போனதோடு சரி, பதிலே சொல்லவில்லை.

அப்போதுதான் நைனாவின் தங்கை, என் அத்தை, மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்களிடம் சொல்லிக் கள்ளிமுளையான் வரவழைத்தாள். பாறை இடுக்கில் முளைக்கும் பச்சைத் தண்டு. கஞ்சி இல்லாத நாளில் அவர்கள் மெல்லுவது அதைத்தான். மென்றால் பசி தெரியாது.

"கெழங்கு இல்ல, தண்டுதான். நம்ம சாப்டலாம்" என்றாள் அத்தை. கிழங்கு தொடாத ஜைன வீட்டில் முதல் கேள்வி அதுதானே.

நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "பசிக்கிற வயசு. அத கொன்னுட்டு இன்னா பண்ணப் போற?"

"பச்சிலதானேண்ணா. இங்கிலீஷ் மருந்தா குடுக்கறேன்?"

"அரளி கூடத்தான் பச்சில."

இந்த வழக்கு வாரக்கணக்கில் நடந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தேன்.

பசி போயே போய்விட்டது. அம்மா போடும் சோறு அடுத்த வீட்டுச் சோறு மாதிரி தெரிந்தது. உடம்பும் இளைத்தது. அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. நான் தட்டைத் தள்ளுவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் நோன்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் ஜனங்கள் சாப்பிடாத பெண்ணைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்? கோயிலில் கிழவிகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பேச்சு பக்கத்து ஊரான வல்லம் வரைக்கும் போய், வரன் தானாகத் தேடி வந்தது. "நோன்பு இருக்கற பொண்ணாமே, அதான் வந்தோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நைனா வாயைத் திறந்தார். அத்தை முறைத்தாள். மூடிக்கொண்டார்.

வல்லத்தில் புகுந்த வீட்டைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும்தான். கள்ளிமுளையானை யாரிடம் கேட்பது? தாலி ஏறிய மாதமே பசி வட்டியோடு திரும்பி வந்தது. நோன்பு நாளான அட்டமி, சதுர்த்தசி வந்தால் மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "எம் மருமவ இன்னிக்குப் பச்சத் தண்ணி தொடமாட்டா." வயிறு பிறாண்டும். இருட்டில் சாப்பிடுவது எங்களுக்கு ஆகாது என்பதால் பொழுது சாய்ந்தபிறகு எங்கள் வீட்டில் அடுப்பே எரியாது. பக்கத்தில் என் வீட்டுக்காரரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷருக்கு எவ்வளவு பக்தி என்று பயந்து, நான் இன்னும் வாயை இறுக்கிக்கொள்வேன். ஆயுசில் பாதி இப்படியே போனது.

மாமியார் காலமாகி வெகு வருஷம் கழித்து, ஒரு சதுர்த்தசி மத்தியானம் பொறுக்க முடியாமல் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று பார்த்தேன்.

"எனக்கு மட்டும் பசிக்காதா?" என்றார். "நீ பட்டினி கெடக்கறியேன்னுதான் நானும் சாப்டல."

எனக்கு அழுகையாக வந்தது. எழுந்து போய் உலை வைத்தேன். சுடச்சுடப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் போதும் என்றார். எனக்கும் அதற்குமேல் இறங்கவில்லை. பசிக்கிற வயசு எங்கள் இரண்டு பேருக்குமே முடிந்துபோயிருந்தது.