பின்சீட்டுக்காரர் கேட்ட பாட்டு

தொண்ணூறுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். ரொக், நியூ வேவ் என்று ஆங்கிலப் பாட்டென்றால் எனக்குப் பைத்தியம். நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் முன்பு வேலை பார்த்த நண்பனிடம் எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பாட்டுகள் இருந்தன. அந்த வருடம் கலவரத்துக்கு முன் வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை.

வெற்றுக் கசெட் கிடைக்காத காலம். ஜேர்மனியிலிருந்து அண்ணா அம்மாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட் ஒன்று வீட்டில் கிடந்தது. மேலேயுள்ள ஓட்டையில் காகிதத்தைச் செருகினால் பழையதன்மேல் பதியலாம், ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அதையே நண்பனிடம் கொடுத்துப் பதியச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். காதில் வோக்மேன். பின்சீட்டில் நாற்பது வயதிருக்கும் ஒருவர், தேய்த்த சேர்ட், கையில் பை எதுவுமில்லை. என்னையே பார்த்தபடி கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று நினைத்தேன். எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தேன். அவரும் வந்து எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார். இராணுவத்துக்குத் தகவல் கொடுக்கிற ஆள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் வோக்மேனை வாங்கிக் காதில் மாட்டி, கசெட்டைக் கடைசிவரை வேகமாக ஓட்டினான். அவன் முகம் மாறியது. தமிழில் யாரோ பேசுவது கேட்கிறது என்றான். பாட்டு முடிந்த இடத்தில் அண்ணாவின் குரல் அழியாமல் மிஞ்சியிருக்கிறது. அவர் கடைசியாக என்னைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருந்தது எனக்கு மனப்பாடம்: “தம்பி இயக்கத்துக்குப் போயிட்டான் எண்டு கேள்விப்பட்டன், உண்மையோ?”

சிங்களம் தெரிந்தவர் யார் என்று சிப்பாய் கேட்க, அந்தப் பின்சீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் ஒருமுறை கேட்டார். திருப்பி ஓட்டி இன்னொருமுறை கேட்டார். பிறகு நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: தாய்க்குப் பிரஷர், ஒழுங்காக மருந்து எடுக்கிறாவா என்று மகன் கேட்கிறான். அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும். வோக்மேன் என் கைக்குத் திரும்பி வந்தது.

பஸ் புறப்பட்டதும் அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். “அந்தக் கடைசித் துண்டை அழிச்சுப் போடுங்கோ.”

தலையாட்டினேன்.

“முதல் கேட்டுக்கொண்டு வந்தீங்கள், வெளியிலயும் கேட்டது. அந்தப் பாட்டு ஆர் பாடினது? எண்பத்து மூண்டில நான் கொழும்பில இருந்தனான். என்ர கசெட்டெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. பேர் மறந்திட்டன்.”

அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. இவர் ஏன் என்னைக் காப்பாற்ற வேண்டும், எதற்காக என்னிடம் கதை பிடுங்குகிறார் என்றுதான் ஓடியது. “தெரியாது” என்றேன். இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

இப்போது அந்த வருடத்துப் பாட்டுகள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. அந்தப் பாட்டைப் பாடியவர்களின் பெயர் அன்றும் எனக்கு நன்றாகவே தெரியும். என்னைக் காப்பாற்றிய மனிதர் பதிலுக்குக் கேட்டது அந்த ஒரு பெயரை மட்டும்தான், அதைக்கூட மறைத்துவிட்டு இறங்கியவன் நான் என்ற வெட்கம் அந்தப் பாட்டு தொடங்கும்போதெல்லாம் கூடவே வருகிறது.