சிவப்புக் காருக்குள் ஒரு கடகட

ஓடாத காரை ஓட வைப்பது சுலபம். ஓடுகிற காருக்குள் கேட்கிற சத்தத்தை நிறுத்துவதுதான் எங்கள் பிழைப்பு. உங்களிடம் கார் இருந்தால் உங்களுக்கே தெரியும். நீங்கள் தனியாக ஓட்டும்போது மட்டும் கேட்கும். மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் போல நீங்கள் முழிப்பீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அதே முழிதான் முழிக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கார் டீலரிடம் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். எங்களிடம் அதிகம் போவது ஒரு சின்ன ஸ்போர்ட்டி கார். பார்க்க ஜோராக இருக்கும். முன் சீட் இரண்டும் விலாவை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும். முன் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும், டாஷ்போர்டும் அந்தக் கண்ணாடியை நோக்கிச் சரிந்து இறங்கும். இந்தச் சரிவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானத்தை வாங்கியது அதுதான்.

சாமி வேலை

சர்வீஸுக்கு வருவதற்கு முன் நான் டெலிவரிப் பிரிவில் இருந்தேன். புது வண்டிக்குப் பூஜை போடுவது என் தலையில் விழுந்தது. காரணம், என் வீடு கரமனையில், அக்ரஹாரத் தெருவில். அந்தத் தெருக்காரன் என்றால் இங்கே எல்லோருக்கும் "சாமி"தான். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் பிரேயரில் சொன்ன ஒரே ஒரு சுலோகம். அதையே முணுமுணுப்பேன், மணியடிப்பேன், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பேன். காலையில் கோயிலில் வாங்கிய சந்தனத்தை உருட்டி வாழையிலைத் துண்டில் வைத்து, அதை டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுப்பேன்.

எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று மானேஜரிடம் ஒருநாள் கெஞ்சினேன். அவர் மலையாளி, என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது சாமியோட அடக்கமாக்கும். சாமிக்கு இதெல்லாம் ரத்தத்துல உள்ளதல்லே!"

முதலாளியும் பின் சீட்டும்

ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு முதலாளி வந்தார். மளிகை மொத்த வியாபாரம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், நல்ல ஆகிருதி. மகனுக்குக் கார் வேண்டும். கதவைத் திறந்து திறந்து சாத்தினார். ஏழெட்டு முறை சாத்திய பிறகு, சத்தம் கெட்டியாக இருக்கிறது என்று தலையாட்டினார். டாஷ்போர்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். சரக்கு வாங்குகிறவர் கண் அது, ஒரு குறையும் அகப்படவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். நான்தான் வாய் சும்மா இருக்காமல், பின்னாலும் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். ஏறிவிட்டார். முழங்கால் இரண்டும் முன் சீட்டின் முதுகில் முட்டி நின்றன, தலை கூரையில் பட்டது. இறங்கப் பார்த்தார், முடியவில்லை. மகன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். வண்டி எப்படி இருக்கிறது என்று நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அந்த நேரம் பார்த்து வாயில் வந்துவிட்டது. "மொதல்ல என்னைய வெளிய எடுங்க தம்பி. வெலயப் பெறவு பேசுவோம்."

பதினொரு மாத உறை

சர்வீஸுக்கு மாறிய முதல் வாரம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு மாமாவும் மாமியும் வந்தார்கள். சீட்டில் உட்கார்ந்தால் கிறீச் என்று சத்தம், முதுகெல்லாம் வேர்வை, இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இதுதானா லட்சணம் என்று மாமா சத்தம் போட்டார். போய்ப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வந்த பாலிதீன் உறை நாலு சீட்டிலும் பதினொரு மாதமாக அப்படியே இருந்தது. கழற்றினேன். சத்தமும் போயிற்று, வேர்வையும் போயிற்று.

மாமா அந்த உறைகளை நாலாக மடித்து டிக்கியில் வைத்துக்கொண்டார். அடுத்த சர்வீஸில் பார்த்தால் நாலும் பழைய இடத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்: "எங்காத்து ஃபிரிட்ஜுக்கே எட்டு வருஷமா கவர் பிரிக்கலை. நீ காருக்குச் சொல்ல வந்துட்டே."

இயல்பு

இனி டீச்சர். தென்காசிப் பக்கம் பிறந்து, மலையடிவாரத்தில் விதுராவில் வாழ்க்கைப்பட்டவர். பொன்முடி மலை மேலே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை. பஸ் எப்போதாவது வரும், வந்தால் நின்றுகொண்டே போக வேண்டும். பல வருடம் அப்படிப் போய்விட்டு, தன் சம்பளத்தில் எங்கள் ஸ்போர்ட்டி காரைச் சிவப்பில் வாங்கினார். உயரமான குடும்ப வண்டி வாங்கவில்லையே என்று வீட்டுக்காரருக்குக் கோபம், டெலிவரிக்கு அவர் வரவில்லை. பூஜை போட்டவன் நான்தான், டெலிவரியில் நான் போட்ட கடைசிப் பூஜைகளில் அதுவும் ஒன்று. பாவம், தனியாக நிற்கிறாரே என்று மணியைக் கொஞ்ச நேரம் கூடுதலாக அடித்தேன், சந்தனத்தைக் கொஞ்சம் பெரிதாகவே உருட்டி வைத்தேன்.

அடுத்த மாதமே வந்துவிட்டார், அதற்குள் நான் சர்வீஸுக்கு மாறியிருந்தேன். முன்னாலிருந்து கடகடவென்று சத்தம் வருகிறதாம். எங்கள் டெக்னீஷியன் பிஜு பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு சத்தமும் இல்லா சாமி. டீச்சருக்குத் தோணுனதாக்கும்" என்றான். இரண்டாவது முறை கதவு அட்டைகளைக் கழற்றிப் பஞ்சு ஒட்டினோம். மூன்றாவது முறை சீட்டுத் தண்டவாளத்துக்குக் கிரீஸ். எதற்கும் அசையவில்லை. நாலாவது முறை வந்தபோது, புகாரையும் பார்த்த வேலையையும் எழுதுகிற ஜாப் கார்டை முடித்துவிடச் சொன்னார் மானேஜர். "இந்த ரகக் காரின் இயல்பு" என்று எழுதி நீட்டினேன்.

டீச்சர் நின்றபடியே படித்தார். சத்தம் போகாவிட்டால் ஓணத்துக்கு முன்னால் வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் முடிவு கட்டியிருப்பதாகச் சொன்னார். வாங்க ஆளும் பார்த்தாகிவிட்டதாம். பிறகு கார்டைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டார், கையெழுத்துப் போடவில்லை. "ஏழு மாசமா தெனமும் இது கூட இருக்கேன் சார். இதோட இயல்பு எனக்குத் தெரியும்."

ஐந்தாவது வளைவு

எனக்குச் சுருக்கென்றது. அந்த வரியை எழுதிய கை என்னுடையதுதானே. இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மானேஜரிடம் சொன்னால் பெட்ரோல் கணக்குக் கேட்பார். ஆகவே லீவு போட்டு, முதல் பஸ் பிடித்து விதுரா போய் இறங்கினேன். போனில் சொல்லி வைத்தபடி டீச்சர் வண்டியோடு நின்றார். முன் சீட்டில் அவரோடு வேலை பார்க்கும் இன்னொரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கிடைத்தது பின் சீட். ஆரியசாலை முதலாளியை நினைத்துக்கொண்டு ஏறினேன்.

இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாலு வளைவில் என் முழங்கால் எலும்பைத் தவிர வேறு ஒன்றும் சத்தம் போடவில்லை. ஐந்தாவதில் கேட்டது. கடகடவென்று இடது கோடியில் கிளம்பி வலது கோடியில் டொக்கென்று முட்டி நின்றது. அடுத்த வளைவில் வலமிருந்து இடம். ஆடுகிற சத்தம் இல்லை இது, உருள்கிற சத்தம்! நகரத்தில் நேர் ரோட்டில் ஓட்டிவிட்டு, டீச்சருக்குத் தோன்றியது என்று சொல்லியிருக்கிறோம். சந்தோஷத்தில் நிமிர்ந்து கூரையில் நங்கென்று இடித்துக்கொண்டேன்.

மேலே போய் வண்டியை நிறுத்தியதும் என் தலையையும் காலையும் பார்த்து டீச்சருக்கே பாவமாகிவிட்டது. வேறு வண்டி வாங்கினால் இந்தத் தொல்லை விட்டதே, ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஓட்டுகிற சீட்டின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். "இத்தன வருசம் பஸ் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன் சார். இந்தச் சீட்டுதான் என்னையப் புடிச்சுக்குச்சு."

எழுதிக் கொடுத்தது

மறுநாள் வண்டி எங்களிடம் வந்தது. டாஷ்போர்டையே கழற்றச் சொன்னேன். பிஜு தலையில் அடித்துக்கொண்டான், மானேஜர் கத்தினார். பழி என் மேல் என்று எழுதித் தருகிறேன் என்றேன். மத்தியானம் ஆயிற்று கழற்ற. முன் கண்ணாடியில் பனி படியாமல் காற்று ஊத ஒரு நீளக் குழாய் உண்டு. அதன் வாய் டாஷ்போர்டுச் சரிவு முடிகிற இடத்தில் இருக்கிறது. குழாயைப் பிஜு சாய்த்தான், என்னவோ உருண்டு வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. கோலிக்குண்டு அளவு, மஞ்சள் நிறம், கல் போல இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் காய்ந்த வாழையிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. பிஜு மோந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சாமீ, இது நம்மட சந்தனமல்லே?"

எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. அன்று ஈரமாக உருட்டி வைத்தது, காய்ந்து, சரிவில் உருண்டு, நேராகக் குழாய்க்குள் போய் விழுந்திருக்கிறது. கொஞ்சம் சின்னதாக உருட்டியிருந்தால் இந்நேரம் பொடிந்தே போயிருக்கும். காரணம் என்கிற இடத்தில் "வெளிப்பொருள்" என்று எழுதி முடித்துவிடு என்றார் மானேஜர். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இத்தனை மாதம் ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக நிற்க வைத்தாயிற்று, இன்னும் மழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் டீச்சர் வந்ததும் உருண்டையை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டி, நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் அதை எடுத்து மோந்து பார்த்தார், மெல்லச் சிரித்தார், கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஜாப் கார்டை என் பக்கம் தள்ளினார். "தப்பு உங்களோடது, வண்டியோடது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார். வீட்ல காட்டணும்."

எழுதிக் கொடுத்தேன், ஓணம் வந்தபோதும் சிவப்புக் கார் விதுராவில்தான் நின்றது; ஆனால் இதே ரகத்தில் நான் சந்தனம் வைத்து அனுப்பியவை இன்னும் முப்பது வண்டியாவது இருக்கும் என்பதால், சத்தம் என்று யார் வந்தாலும் இப்போது நான் காதைக் கொடுப்பதற்கு முன் மூக்கைக் கொடுக்கிறேன்.