குடில் கட்டிய மாமியார், வாய் திறந்த மருமகள்

"எழுத வைத்துவிடலாம் ஐயா, வாய் திறந்து பேச வைப்பது எப்படி?" பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் ஜெயசீலி என்ற இளம் ஆசிரியை என்னிடம் கேட்டது இது. இப்போது அவர் வரதய்யபாளையம் பக்கத்துச் சிற்றூரில், சர்ச் கூடத்தில், தமிழ்ப் பேச்சு வகுப்பு நடத்துகிறார். போன டிசம்பரில் வந்து பார்க்கச் சொன்னார். போனேன்.

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை மின்ரயில் பிடித்துத் தடாவில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அரை மணி நேரம், நாற்பது ரூபாய். மாநில எல்லை பிரித்தபோது ஆந்திரப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. சந்தைக்கும் ஆபீசுக்கும் தெலுங்கு, வீட்டுக்குத் தமிழ்.

ஜெயசீலியின் வகுப்புக்கு வரும் சுனிதாவுக்கு அதுதான் சிக்கல். நாயுடுபேட்டைத் தெலுங்குப் பெண். கல்யாணமான புதிதில் அவள் பேசிய தமிழைக் கேட்டு வீடே சிரிக்க, அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். கணவர் குவைத் போனபின் வீட்டில் அவளும் மாமியார் ரூத்தம்மாவும்தான். இப்படியே போனால் அம்மா வீட்டுக்கே திரும்பிவிடுவதாக ஜெயசீலியிடம் சொல்லியிருந்தாள்.

அன்றைய வேலை, மூங்கில் குச்சியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது. குழுவுக்கு நாலு பேர். ஒருத்தி மட்டும் திரைக்குப் பின்னால் இருக்கும் மாதிரிக் குடிலைப் பார்த்துச் சொல்லலாம்; குச்சியைத் தொடக்கூடாது. மற்றவர்கள் கட்டலாம், மாதிரியைப் பார்க்கக்கூடாது. ஜெயசீலி வேண்டுமென்றே சுனிதாவைச் சொல்ல வைத்து, அன்று கூடவே அழைத்திருந்த ரூத்தம்மாவைக் கட்ட உட்கார வைத்தார்.

மாதிரியில் வாசல் இடப்பக்கம். ரூத்தம்மா வலப்பக்கம் கட்டினார். "சரியாடி?"

"சரி அத்தம்மா."

கூரையும் தலைகீழாகப் போனது. அதற்கும் "சரி அத்தம்மா." மாமியார் செய்வதைத் தப்பென்று சொல்வது எப்படி? குடில் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது.

"ஆகண்டி!" என்று தெலுங்கில் நிறுத்தச் சொல்லிக் கத்தினாள் சுனிதா. பிறகு தமிழில் கொட்டினாள். "எல்லாம் தப்பு அத்தம்மா! அவுத்துடுங்க! வாசல் அந்தப் பக்கம் வைங்க!"

ரூத்தம்மா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"இம்மா நேரம் முடிச்சு போட்டுக்கினு இருக்கேன், சும்மா பாத்துக்கினு இருந்தியே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க கோச்சிக்குவீங்கன்னு..."

"கோச்சிக்குவேன்தான். அதுக்கோசரம் சொல்லாம இருப்பியா? எந்தப் பக்கம், மறுபடி சொல்லு."

சொன்னாள். உடைந்த தமிழ்தான். ரூத்தம்மா ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போதும் இருவரும் கூரையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். அம்மா வீட்டுப் பேச்சை அதன்பின் சுனிதா எடுக்கவில்லை என்று ஜெயசீலி போனில் சொன்னார்.

போக நினைப்பவர்கள் டிசம்பர் ஞாயிறு மதியம் போங்கள். இருட்டினால் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். உங்கள் ஊரிலேயே செய்வதென்றால் பசை வேண்டாம், நூல் போதும். பிரித்துக் கட்டும்போதுதான் பேச்சு வருகிறது. நாளை உங்கள் வகுப்பில், பேசத் தயங்குபவரிடம் மாதிரியைக் காட்டுங்கள்; அவர் யாரைத் திருத்தத் தயங்குவாரோ, அவர் கையில் குச்சியைக் கொடுங்கள்.