ஆமினா ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள்

என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியாத நாட்கள் அவை, பிரியமானவர்களே. கடந்த லெந்து தவக்காலம். வளைகுடாவில் நாங்கள் இருக்கும் அப்பாசியாவில், எங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் சூடான் நாட்டுப் பெண் ஆமினா ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு தடவைகூட டாக்டரிடம் போகவில்லை.

சிறுமியாக இருந்தபோது, ஊர் வழக்கம் என்று அவளது பிறப்புறுப்பை அறுத்துத் தைத்துவிட்டார்கள். அதனால் முதல் பிரசவத்தில் வழி திறக்காமல் குழந்தை இறந்தே பிறந்தது. அந்த வேதனையிலும் ஆஸ்பத்திரி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரையை விலக்கி வேடிக்கை பார்த்தார்களாம். "செத்தாலும் அந்தக் கட்டில்ல இனி படுக்க மாட்டேன்" என்று அரபியில் சொல்லி அழுதாள்.

இந்தக் குழந்தையும் போய்விடுமோ? சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே ஜெபித்தேன். சோறு அடிபிடித்தது. "ஆண்டவருக்கே டியூட்டி டைம் போடுத ஆளு நீ! கொஞ்சம் உக்காரேன்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும், பக்கத்தில் இருந்த, அதுவரை பேசியிராத ஒரு சபைத் தங்கச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். பிரசவ வார்டில் நர்ஸ் என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எங்க லேடி டாக்டர் இப்படி நிறையப் பேரைப் பாத்திருக்காங்க அக்கா. வலி வர்றதுக்கு முன்னாலயே மரத்துப்போக ஊசி போட்டு, தையலைத் திறந்து விட்டுருவாங்க. அவங்களும் நானும் மட்டும்தான் உள்ள இருப்போம்."

எத்தனை வாரமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம்! ஓடிப்போய் ஆமினாவிடம் சொன்னேன். "வேற யாரும் பாக்க மாட்டாங்களே?" என்று மட்டும் கேட்டாள். அபாயா அங்கியை எடுத்து மாட்டினாள்.

அங்கே போனால் பயிற்சி மாணவிகள் உள்ளே வந்து நிற்கிறார்கள். டாக்டரம்மா அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "நீ நிறுத்தச் சொன்னா அந்த நொடியே நிறுத்திருவேன்" என்றார் ஆமினாவிடம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

பிரசவத்தன்று வராந்தாவில் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. குழந்தையின் அழுகை கேட்டதும் நானும் ஓவென்று அழுதேன். ஸ்தோத்திரம் என்ற சொல்கூட முழுசாக வரவில்லை. பெண் குழந்தை. ஆமினா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எனக்குச் செஞ்சது இவளுக்குக் கிடையாது. என்னோட கலாஸ், முடிஞ்சு போச்சு" என்றாள்.

நான் ஒரு உயிரைத்தான் கேட்டிருந்தேன். ஆண்டவர் அந்தப் பிள்ளையின் நாளைய நாளையும் சேர்த்துக் காத்தார். இப்போதும் நான் உட்காருவதில்லை. ஆமினாவும் நானும் பயந்திருக்கும் பெண்களை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறோம். உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒருத்தி வெளியே சொல்ல முடியாமல் இருக்கலாம். நம்பி ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு போய் அவள் கதவைத் தட்டுங்கள்.