அரசாங்கத்தின் குதிரைகள்

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், கொழும்பில் இருக்க மனமில்லாமல் வடக்குக்கு மாற்றம் கேட்டேன். கேட்ட குற்றத்துக்கு நெடுந்தீவைத் தந்தார்கள். அங்கே தன்பாட்டில் திரியும் குதிரைகளைக் காக்கவென்று உள்ளூரிலேயே மூன்று பேரைக் காவலர்களாக எடுத்திருந்தது எங்கள் வனசீவராசிகள் திணைக்களம். அவர்களைப் பயிற்றுவது ஒரு வேலை. ஊரின் நம்பிக்கையைப் பெறுவது மற்றது. இரண்டாவதை எப்படிச் செய்வது என்று என்னை அனுப்பியவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பயிற்சிக்கென்று தலைமையகம் அனுப்பிய புத்தகம் முழுக்க யானை. இலத்தியைப் பார்த்து யானை எப்போது போனது என்று சொல்வது, துரத்தினால் எந்தப் பக்கம் ஓடுவது. நெடுந்தீவில் ஓடவும் இடமில்லை, ஒளியக் காடும் இல்லை. பனையும், கடலில் எடுத்த முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், மிச்ச இடமெல்லாம் வெயிலும்தான். பாடத்தை முடிக்காவிட்டால் காவலர்களின் வேலை நிரந்தரமாகாது என்றதால் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். மூவரும் பூசை பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் மட்டும் கடைசியில், "ஐயா, குதிரை கடிக்குமோ?" என்று கேட்டார். குதிரை என்றால் அவருக்குப் பயம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு எங்கள் நால்வருக்கும் சீருடை வந்தது. பொலிசு போடும் அதே காக்கி. காக்கியோடு யாராவது படலையடியில் நின்றால் வீட்டிலுள்ள இளம் பிள்ளைகள் பின்பக்கத்தால் போய்விடும் காலம் அது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன காவலரைப் பார்த்து அவருடைய தாயே வெலவெலத்துப் போனாராம். வேறு நிறம் தாருங்கள் என்று தலைமையகத்துக்கு எழுதினேன். அளவு பிழையா என்று கேட்டுப் பதில் வந்தது.

அடுத்தது மக்கள் கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரைக் கூட்டி, தலைமையகம் எழுதித் தந்ததை உரத்து வாசித்தேன். இந்தக் குதிரைகள் அரசாங்கத்தின் சொத்து, இவற்றுக்குக் கேடு நேர்ந்தால் காரணமானவர் சட்டத்தின் முன் நிறுத்தப்படுவார். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. பனங்கட்டியோடு தேநீர் தந்தார்கள். காரியம் நன்றாக முடிந்தது என்றே நானும் திரும்பினேன்.

வறண்ட சோழகக் காற்று வீசத் தொடங்கியதும் குளங்கள் வற்றின. அந்தக் காலத்தில் குதிரைகள் உயிரோடு இருப்பது கிணற்றடித் தொட்டிகளால்தான். தண்ணீர் அள்ள வருகிறவர் தனக்கு அள்ளிய பிறகு இரண்டு வாளியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார். மாடு குடிக்கும், ஆடு குடிக்கும், ஆட்கள் போன பிறகு குதிரை வந்து குடிக்கும். அதை ஒரு தருமமாகக்கூட யாரும் நினைத்ததில்லை. அந்த வருடமோ தொட்டிகள் காய்ந்து கிடந்தன. மாடு குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, மிச்சத்தை அள்ளி முருங்கைக்கு ஊற்றினார்கள்.

தண்ணீர் வற்றாத கிணறு வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்த ஒரு கமக்காரரிடம் போனேன். என்னைவிட நிறைய மூத்தவர்.

"என்னண்ணை, தொட்டி காஞ்சு கிடக்கு?"

"மாட்டுக்கு வைக்கிறனான் ஐயா."

"குதிரைக்கு?"

"அது அரசாங்கத்தின்ரை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அரசாங்கத்தின்ரை சாமானிலை நாங்கள் ஏன் கை வைப்பான்? குடிச்சிட்டு ஒண்டு விழுந்து செத்தா, எங்களையெல்லோ பிடிப்பியள்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு வழியில்லாமல் நாங்களே இறைத்தோம். காவலர் மூவரும் நானும் காக்கியோடு கிணறு கிணறாக அலைந்தோம். அரசாங்கம் தண்ணீர் இறைக்கும் அழகை ஊர் நின்று பார்த்தது. தெற்கே தொட்டி நிறைந்தால் மேற்கே காய்ந்திருக்கும். போதாததற்கு, எங்களைக் கண்டால் குதிரைகள் கிட்ட வருவதில்லை. உழவு இயந்திரமும் தண்ணீர்த் தாங்கியும் கேட்டுத் தலைமையகத்துக்கு அவசரமாக எழுதினேன். லோஞ்சுப் படகில் வந்து இறங்கியவை அறிவித்தல் பலகைகள். மூன்று மொழியிலும் 'அரச சொத்து' என்று எழுதியிருந்தது. அதையும் கொண்டுபோய் நட்டோம். ஆடுகளுக்கு முதுகு சொறிய வசதியாக இருந்தது.

ஒருநாள் ஒரு சினைக் குதிரை வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு அதை நிரப்பினேன். நான் விலகிப் போகும்வரை அது குடிக்கவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் அந்தக் கமக்காரர் நான் தங்கியிருந்த விடுதி வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, உங்கடை குதிரை ஒண்டு என்ரை கிணத்தடியிலை செத்துக் கிடக்கு. வந்து எடுங்கோ."

அந்தச் சினைக் குதிரைதான் என்று கேட்காமலே தெரிந்தது. எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியாது.

"என்ரை குதிரையில்லை," என்று கத்தினேன். "அரசாங்கத்தின்ரையும் இல்லை. அரசாங்கம் கைவிட்டிட்டுது. பலகையளைப் பிடுங்கி அடுப்புக்குள்ளை வையுங்கோ. நான் நாளைக்குக் காலமை லோஞ்சிலை போறன். மிச்சக் குதிரையளும் சாகட்டும்."

அவர் ஒரு எட்டு முன்னுக்கு வந்தார்.

"முழுக்க விட்டிட்டினமோ?"

"முழுக்க."

அரசாங்கம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கோபத்தில் வந்த சொல். திருத்தவும் எனக்கு மனம் வரவில்லை. பின்னேரம் குதிரையைப் புதைக்கப் போனோம். நிலம் முழுக்கக் கல். மண்வெட்டியால் ஏலாமல் நாங்கள் நால்வரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, அவர் ஒரு இரும்பு அலவாங்கோடு வந்து கல்லைக் குத்திப் பெயர்க்கத் தொடங்கினார். குழி ஆழமானதும் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன். வழியிலிருந்த முதல் தொட்டியில் தண்ணீர் நின்றது. அடுத்ததிலும் நின்றது. யாரோ மறதியாய் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கமக்காரரின் கிணற்றடிக்கு வந்தபோது அவர் நிரம்பி வழியும் தொட்டிக்கு இன்னும் ஊற்றிக்கொண்டு நின்றார். கல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு குதிரை குட்டியோடு காத்து நின்றது.

"கொழும்பிலை இருக்கிறவங்கள் எதைத்தான் முழுசாச் செய்தவங்கள்," என்றார் என்னைப் பார்க்காமல். "வாயில்லாச் சீவனையும் நடுத்தெருவிலை விட்டிட்டாங்கள். சரி, நீர் போம் தம்பி. லோஞ் வெளிக்கிடப் போகுது."

நேற்றுவரை நான் அவருக்கு ஐயா. பையை வைத்துவிட்டு வாளிக் கயிற்றுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"வேண்டாம். நீர் இறைச்சா, பிறகு வந்து உங்கடை எண்டு சொல்லுவியள்."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த வாளியையும் ஊற்றிவிட்டு, "உந்தக் காக்கியோடை உதிலை நிக்காதையும், அது கிட்ட வராது," என்றார்.

சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். இருவரும் வேலிக்கு மற்றப் பக்கம் போய் நின்றோம். துறைமுகத்தில் லோஞ் வெளிக்கிடும் சத்தம் கேட்டது. குதிரை குட்டியோடு தொட்டிக்கு வந்து குடித்தது.