பின்கொசுவம் வைத்த கவுன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த நான், ஒரு படத்தைப் பார்த்ததும் "ஆத்தீ!" என்று கத்திவிட்டேன். எதிரே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

பாம்பு இல்லை. படத்தில் ஒரு வெள்ளைக்காரி நமக்கு முதுகைக் காட்டி நின்றாள். கறுப்புக் கவுன். தோளுக்குக் கீழே ஏழு மடிப்பு ஆரம்பித்து, இடுப்பு வரைக்கும் ஒட்டினாற்போல் இறங்கி, அங்கிருந்து கணுக்கால் வரை விரிந்து விழுந்திருந்தது. பழைய படம். கீழே எழுதியிருந்தது இதுதான்: இந்தக் கவுன் நாற்பது வருஷத்துக்கு முன்னால் தைக்கப்பட்டது, இப்போது வெளிநாட்டில் ஒரு காட்சிசாலையில் இருக்கிறது, கழுத்துப் பட்டையில் ஒரு தையற்கடையின் பெயரும் திருநெல்வேலி என்றும் தைத்திருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எழுதச் சொன்னவள் சென்னையில் இருந்த ஒரு பெண். அந்தக் காலத்து உயர்ரக உடைகளை வடிவமைத்து, பெயர் இல்லாமல் மறைந்துபோனவர்களைத் தேடிப் புத்தகம் போடுகிறாளாம். பாரிஸ் பட்டணத்திலேயே அப்படித்தானாம். கடைப் பலகையில் இருக்கிற பெயர் உலகமெல்லாம் தெரியும். உள்ளே உட்கார்ந்து யோசித்து வரைந்தவர், வெட்டியவர் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாதாம்.

கழுத்துப் பட்டையில் இருந்த பெயர் என் அப்பாவுடையது. கவுனை வெட்டியது என் அம்மா.

அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே அரை நாழிகை ஆகும். ஆனால் ஆள் நல்ல உயரம், நல்ல பேச்சு. டவுனில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. அவர் அங்கே உட்கார்ந்து வருகிறவர்களிடம் அரசியல் பேசுவார், வெற்றிலை போடுவார், "நாளைக்கு வாங்க, முடிஞ்சிரும்" என்பார். முடிப்பது உள்ளறையில் இருந்த அம்மா. பெரிய வீட்டுப் பெண்களுக்கு அளவெடுக்க அம்மாதான் போவாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் போவதைப் பார்த்த ஊர், தையல்காரர் பெண்டாட்டி கூடமாட உதவி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டது. அப்பா அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. அவர் எதற்குக் கலைக்கப் போகிறார்?

மலையில் இருந்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரின் மனைவி காரில் வந்து இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயசு. கையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று வைத்திருந்தாள். அதில் ஒரு பாரிஸ்காரி கவுன் போட்டு நின்றாள். இதே மாதிரி வேண்டும், இரண்டு வாரத்தில் ஒரு விருந்து இருக்கிறது என்றாள். அப்பா "எஸ் மேடம், எஸ் மேடம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் பத்திரிகையைக் கொடுத்தார்.

அம்மா படத்தைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு முதுகு எங்கன இருக்கு?"

"முதுகா? படத்துல முன்னாடிதானட்டி இருக்கும்? முன்னாடி மாதிரியே பின்னாடியும் போட்டுட்டாப் போச்சு."

"வந்த மனுஷி வந்தபடியேவா நிப்பா? திரும்பித்தானே போகணும்? போகும்போது எல்லாரும் முதுகைத்தான் பாப்பாக."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அம்மா மூன்று நாள் துணியைத் தொடவில்லை. சமைத்தாள், ஆற்றுக்குக் குளிக்கப் போனாள், வந்தாள். நான்காம் நாள் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு வரும்போது எங்களுக்கு முன்னால் ஒரு கிழவி பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலையோடு படியேறினாள். இடுப்புக்குப் பின்னால் கொசுவ மடிப்பு படிக்குப் படி விரிந்து மடங்கியது. அம்மா குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "நடம்மா" என்று நான் இடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய படுக்கைவிரிப்பை எடுத்தாள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். என் முதுகில்தான் அந்த மடிப்பை முதலில் வைத்துப் பார்த்தாள். ஐந்து வைத்தாள், கலைத்தாள். ஒன்பது வைத்தாள், "ம்ஹூம், விசிறி மாதிரி இருக்கு" என்று கலைத்தாள். குண்டூசி குத்தி நான் அலறினேன். "பைய நில்லுட்டி, ஆச்சு, ஆச்சு" என்றாள். ஏழில் நிறுத்தினாள். சும்மாயில்லை, சாயங்காலம் வரைக்கும் நின்றேன். அந்தக் கவுனுக்கு முன்பக்கம் பாரிஸிலிருந்து வந்தது. பின்பக்கம் எங்கள் ஊர்ப் படித்துறையிலிருந்து வந்தது. இது எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

ஆகவே அன்றைக்கே நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். உங்கள் புத்தகத்திலும் தப்பான பெயர் வந்துவிடக் கூடாது, வெட்டியது என் அம்மா, எழுபது வயசாகிறது, உயிரோடு இருக்கிறாள், நேரில் வந்து கேளுங்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். பத்தே நாளில் வருவதாகப் பதில் வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகியிருந்தது. அம்மா தம்பி குடும்பத்தோடு டவுன் வீட்டிலேயே இருந்தாள். நான் வாக்கப்பட்டது பக்கத்திலேயே தச்சநல்லூரில். என் கல்யாணத்தோடு அம்மா வெளியே அளவெடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். கண் சரியில்லை என்றாள், நானும் நம்பினேன். பின்னாளில் என் மாமியாருக்கு எத்தனையோ சட்டை தைத்துக் கொடுத்தாள். எல்லாமே 'அவுக கடையில தச்சது' என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சென்னைக்காரி வருவதற்கு முந்தின நாள்தான் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா சந்தோஷப்படவில்லை. "என்னத்துக்கு இதெல்லாம்?" என்றாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கும், நல்ல மரியாதை தெரிந்தவள். பாயில் உட்கார்ந்து, கவுன் படத்தை அம்மாவின் மடியில் வைத்துக் கேட்டாள்: "அம்மா, இந்தப் பின்பக்க மடிப்பு யாருக்குத் தோணுச்சு? இதுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

அம்மா கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை. "கண்ணு தெரியலம்மா. எல்லாம் அவுக வெட்டுனதுதான். எனக்கு என்ன தெரியும்? பித்தான் தைப்பேன், காஜா எடுப்பேன்."

நான் குறுக்கே பாய்ந்தேன். "எம்மா! என்ன சொல்லுத?"

"உள்ளதைத்தான் சொல்லுதேன்."

"படுக்கைவிரிப்பை என் முதுகில வச்சுப் பாத்தியே? ஒரு நாளெல்லாம் நிக்க வச்சியே?"

"நீ அப்ப சின்னப் பிள்ளை. எதையாவது நினைச்சிட்டுப் பேசாத."

அப்படியே விட்டிருக்கலாம். என் குணம் விடாது. உள்ளே போய் ஒரு துணி, சாக்குக்கட்டி, கத்திரிக்கோல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டேன். "வெட்டு. ஒரு கழுத்து வெட்டிக் காட்டு. அவங்களே பாக்கட்டும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கத்திரிக்கோலை எடுத்தாள். வாழ்நாளில் ஒரு நூல் பிசகாமல் வெட்டியவள், அன்று அந்த வேற்று மனுஷியின் எதிரே மாட்டுவண்டித் தடம் போலக் கோணிக்கோணி வெட்டினாள். வேண்டுமென்றே வெட்டினாள். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருந்த பிடி, அது பழைய பிடிதான். வலது கை மட்டும் நடித்தது. எனக்குத் தெரிந்தது. வந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பரவாயில்லைங்க மேடம். அம்மா மேல பாசம் இருக்கத்தானே செய்யும்" என்றாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் நான் வகுப்பில் பேசும் அதே குரல்.

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து வாய்க்கு வந்தபடி பேசினேன். "செத்துப்போன மனுஷனுக்கு இப்பவும் பயப்படுதியா? அவருக்கு இன்னும் என்ன கிரீடம் சூட்டணும்? நான் உனக்காக எழுதி, உனக்காக அலைஞ்சு, ஊர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே! பெத்த தாய் பண்ணுற காரியமா இது? எனக்குத் துரோகம் பண்ணிட்ட நீ."

அம்மா கோணலாக வெட்டிய துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

"உன் சோத்தை நீயே தின்னு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மாதம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பி இரண்டு தடவை வந்து, "அம்மா உன்னைத் தேடுதாக்கா" என்று கூப்பிட்டான். தேடட்டும் என்றேன். எனக்கு ஆறவே இல்லை. வேறு யார் செய்திருந்தாலும் மறந்திருப்பேன். என் முதுகில் குண்டூசி குத்தியவளே அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொன்னால், நான் யாரிடம் போய் முறையிடுவது?

புத்தகம் தபாலில் வந்தது. வழவழ தாள். கவுன் படம் முழுப் பக்கத்துக்கு. எதிர்ப்பக்கத்தில் அப்பாவின் பெயர், கொட்டை எழுத்தில். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு மேதை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பாரிஸ் உடைக்குத் தென்பாண்டிச் சீமையின் முதுகைக் கொடுத்த கற்பனை அவருடையதாம். கடைசி வரி: அவருடைய மனைவி பித்தான் தைத்து உதவினார். நடையில் நின்றபடியே படித்தேன். அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா" என்றாள், நேற்றுத்தான் வந்துபோனவளைச் சொல்வதுபோல. புத்தகத்தை விரித்துக் கீரைக்குப் பக்கத்தில் போட்டேன். "பாரு. உன் புருஷனுக்கு மகுடம். உனக்குப் பித்தான்."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணாடியை எடுத்துப் போட்டாள். படத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினாள். ஒவ்வொரு மடிப்பாக விரலை இழுத்துக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த மூணாவது மடிப்பு ஒரு நூல் ஏறிட்டு. அந்தத் துரைச்சாணி அவசரப்படுத்துனா. இல்லாட்டா பிரிச்சுத் தச்சிருப்பேன்."

"பிரிச்சிருப்பியா? பித்தான் தைக்கிறவ எதுக்குப் பிரிக்கணும்? அன்னைக்கு அவட்ட இதை ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு?"

அம்மா புத்தகத்தை மூடினாள். "உன் தலையில அடிச்சுல்லா சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்ன சத்தியம்?"

"நிச்சயத்துக்கு முந்தின நாளு. அடுக்களையில வச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தரகரிடம் விசாரித்தது: 'பொண்ணோட அம்மா வீடு வீடாப் போய்க் கண்டவளுக்கும் அளவெடுத்துத் தைக்கிறவளாமே?' எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. சம்பந்தம் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் அடுக்களையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து என் தலையில் நானே வைத்தேன். 'நீ தைக்கவே இல்லை, எல்லாம் அப்பாதான்னு சொல்லணும். சாகிற வரைக்கும் யாருகிட்டயும் மாத்திச் சொல்லக் கூடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.' கையில் ஒட்டியிருந்த மாவோடு அவள் அடித்தாள். பிறகு நான் தலையைக் கழுவிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். நான் மறந்தே போனேன்.

"அது ஏதோ கிறுக்குத்தனத்துல கேட்டதும்மா. இப்ப நானே சொல்லுதேன், வேண்டாம், விட்டுரு."

"சத்தியம் என்ன பால் வாங்குத மாதிரியாட்டி, நாளையிலேருந்து வேண்டாம்னு நிறுத்துததுக்கு?" அம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "ஒத்தப் பொட்டப் பிள்ளை எனக்கு. புஸ்தகத்துல பேரு வரணும்னு உன் தலையை வச்சா விளையாடச் சொல்லுத?"

நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாகத் துரோகி, துரோகி என்று மனசுக்குள் ஏசியதெல்லாம் யாரை? அவளை முதலில் இல்லையென்று சொன்னவள் நான். எந்த முதுகில் வைத்து அவள் அந்த ஏழு மடிப்பைக் கண்டுபிடித்தாளோ, அந்த முதுகுக்காரி. அப்பாவைக்கூட நான் வீணாகத்தான் திட்டியிருக்கிறேன். அவர் தன் பெயரை மட்டும்தான் போட்டுக்கொண்டார். அவள் பெயரை அழித்தது நான். அழுகை வந்தது, அழுதேன்.

அம்மா என்னை அழ விட்டாள். மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்து, காம்புகளை முறத்தில் ஒதுக்கினாள். பிறகு கண்ணாடி வழியாக என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னட்டி தலை இப்படிக் காஞ்சு கெடக்கு? எண்ணெயே வைக்க மாட்டியா?" என்றாள்.