விசிலுக்குக் காத்திருந்தவர்

வில்ஃப் ஹார்கிரீவ்ஸுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. முப்பத்தெட்டு வருஷம் வட இங்கிலாந்தில் ஒரு மில் ஊரின் மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் கால்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. டீக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் வாசலுக்கு இரண்டு நடை போய்விட்டு வருவார். செய்தித்தாளை நின்றுகொண்டேதான் படிப்பார்.

“கொஞ்சம் உட்காருங்களேன், கார்பெட் தேயுது,” என்பாள் மனைவி டோரீன்.

“மழை விட்டிருச்சான்னு பார்த்தேன்.”

“லங்காஷயர்ல அது என்னைக்கு விட்டிருக்கு?”

இப்படிப்பட்ட மனிதர் போய்ச் சேர்ந்த ஆட்டம் நடைக் கால்பந்து. வியாழக்கிழமை காலை, நீச்சல் குளத்துக்குப் பின்னாலிருக்கும் செயற்கைப் புல் மைதானம், பக்கத்துக்கு ஆறு பேர், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். மற்றபடி கால்பந்தேதான்; ஓட மட்டும் கூடாது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் விசில். ஊதுபவர் கிளெனிஸ், ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்; பயப்படவும் செய்தார்கள்.

வில்ஃபுக்கு விசில் விழாத வியாழன் கிடையாது. “என் கால் சொன்ன பேச்சு கேக்கலையே டீச்சர்!” என்று கையை விரிப்பார். அதில் வெட்கம் கொஞ்சம், பெருமை நிறைய. ஓடியதற்காகத் திட்டு வாங்கும் பாக்கியம் எழுபத்தொரு வயதில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

போன இலையுதிர் காலத்துக் கோப்பை ஆட்டத்தில் பாக்கியம் அளவு மீறிப்போயிற்று. மூன்று விசில், வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர் ஆடித் தோற்றார்கள். குழாய் வேலை பார்த்து ஓய்ந்த கேப்டன் கீத், பேக்கன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“இனிமே ஒரே ஒரு விசில் விழட்டும், வில்ஃப். மறுநாளே சட்டையைத் துவைச்சு எங்க வீட்டுல குடுத்துடு.”

கீத் சொன்னால் சொன்னதுதான். வில்ஃப் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வியாழனும் இல்லையென்றால் மற்ற ஆறு நாளை எதற்காகப் பொறுத்துக்கொள்வது?

குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி பிடித்து மூன்று மாதம் படுக்க வைத்தது. மார்ச்சில் திரும்பி வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பந்து தாண்டிப் போகும்போதெல்லாம் தொடை நடுங்கும், அடக்கிக்கொள்வார். ஒரு விசில்கூட விழவில்லை.

“பரவாயில்லையேய்யா! கிழட்டுக் குதிரைக்குக் கடிவாளம் போட்டாச்சு,” என்றார் கீத்.

“எனக்குத்தான்யா தெரியும், அதைப் பிடிச்சு நிறுத்துற கஷ்டம்,” என்றார் வில்ஃப்.

மே மாதம் பக்கத்து ஊரோடு ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம், இவர்கள் முன்னிலை. கடைசி நிமிஷத்தில் இவர்களுடைய கோல்கீப்பர் தானும் ஒரு கோல் போட ஆசைப்பட்டு முன்னால் போய்விட்டார். எதிரணியின் நெட்டை மனிதர் பந்தைச் சரியாக உதைக்கவில்லை. ஆனாலும் அது ஆளில்லாத கோலை நோக்கி மெல்ல உருண்டது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நடந்தால் எட்டாது. ஓடினால் எட்டும், ஆனால் சட்டை போய்விடும்.

போனால் போகட்டும் என்று வில்ஃப் ஓடினார். மாதக்கணக்கில் அடக்கி வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டு ஓடினார். காதில் ரத்தம் இரைந்தது, நெஞ்சு உதறியது, அப்பாடா என்று இருந்தது. கோட்டின் மேலேயே பந்தைக் கால் நுனியால் தட்டி வெளியே தள்ளிவிட்டு, தலையைக் குனிந்தபடி விசிலுக்குக் காத்து நின்றார்.

விசில் வந்தது. ஆனால் நீளமாக, மூன்று தடவை. ஆட்டம் முடிந்தது, ஜெயித்துவிட்டார்கள். கீத் வந்து முதுகில் அறைந்தார். “நடந்தே பிடிச்சுட்டியேடா படுபாவி! அடுத்த சீசனுக்கும் நீ உண்டு, போ!”

வில்ஃப் அவரை விலக்கிவிட்டு நேரே கிளெனிஸிடம் போனார்.

“ஏன் டீச்சர் ஊதல?”

“எதுக்கு ஊதணும்?”

“நான் ஓடினேன்ல? கடைசியா, கோல் பக்கம். இன்னும் மூச்சு வாங்குது பாருங்க.”

“மூச்சு வாங்குது, சரி. ஆனா கால் தரையை விடலையே. நான் உங்க காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க.”

“மார்ச்சுலேர்ந்து பார்க்கறேன், வில்ஃப். ஒரு தடவைகூட விடல,” என்றார் கிளெனிஸ் தணிந்த குரலில்.

வில்ஃபுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. அடக்கி நடந்ததாக நினைத்த வியாழன்களையெல்லாம் மனம் ஒவ்வொன்றாகப் புரட்டியது.

“இங்கயே நில்லுங்க. இப்பப் பாருங்க,” என்றார்.

மற்றவர்கள் டீக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நடு வட்டம் வரை போய்த் திரும்பினார். கிளெனிஸ் விளையாட்டுக்குச் செய்யவில்லை. விசிலை உதட்டில் வைத்து, கால்கள் தெரியும்படி குனிந்து நின்றார். வில்ஃப் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, முகம் சிவக்க, கோல் கோட்டை நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்து சேரும்வரை கிளெனிஸ் கண்ணை எடுக்கவில்லை, விசிலையும் எடுக்கவில்லை. ஊத முடிந்திருந்தால் ஊதியிருப்பார்.